பிரித்துக் கட்டிய ரோட்டரி எஞ்சினுக்கு டர்போ பொருத்துவது எப்படி

டர்போ இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வந்த மஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினைப் பிரித்துக் கட்டி முடித்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, அதற்கு ஒரு டர்போவை, அதாவது எக்சாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவியை, பொருத்த வேண்டும் என்பதுதான். ஆசையில் தவறில்லை. ரோட்டரி எஞ்சினும் டர்போவும் இயல்பாகவே ஒத்துப்போகும். மஸ்டாவே 1982-இல் காஸ்மோ காரில் 12ஏ எஞ்சினுடன் டர்போவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பலர் தடுமாறுவது வேலையின் வரிசையில்தான். டர்போவை முதலில் வாங்கி, அதற்கேற்ப குழாய்களை வெல்டிங் செய்து, எரிபொருளையும் ஈசியூவையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் வேலை, ரோட்டரின் முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் உடைந்து எஞ்சின் மறுபடி மேசைக்கு வருவதில் முடிய வாய்ப்பு அதிகம். எஞ்சினின் உடல்நிலை, எரிபொருள், பற்றவைப்பு நேரம் ஆகிய மூன்றும் டர்போ இல்லாமலேயே சரியாக இயங்கிய பிறகு, கடைசியாக மாட்ட வேண்டிய பாகமே டர்போ என்ற அடிப்படையில்தான் இங்கே கூறப்படும் முறை அமைந்திருக்கிறது.

இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரில், அதாவது 1986 முதல் 1991 வரையிலான மாடல்களில் வந்த ஆறு போர்ட் (காற்று நுழையும் துளை) கொண்ட என்ஏ, அதாவது டர்போ இல்லாத, 13பி எஞ்சினையே முதன்மையாக மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆர்எக்ஸ்-8 காரின் ரெனிசிஸ் எஞ்சினுக்குப் பொருந்தாத இடங்களை ஆங்காங்கே சுட்டுகிறேன்.

இந்த எஞ்சின் எங்கே உடையும்

13பி எஞ்சினில் ஒவ்வொன்றும் 654 சிசி கொள்ளளவு கொண்ட இரண்டு ரோட்டர்கள் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண வடிவப் பாகங்கள்) உள்ளன. எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) மூன்று சுற்று சுற்றும்போது ரோட்டர் ஒரு சுற்று சுற்றுகிறது; ரோட்டரின் மூன்று முகங்களும் வேலை செய்வதால், ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. ஆகவே காற்றை விழுங்கும் அளவில் இந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஒரு 2.6 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினுக்கு இணையானது. டர்போ தேர்ந்தெடுக்கும்போது 1.3 என்ற எண்ணை நம்பிச் சிறிய டர்போவை வாங்கினால், அது நடு வேகத்திலேயே மூச்சுத் திணறும்.

எக்சாஸ்ட் பாதையில் வால்வு எதுவும் இல்லை. ரோட்டர் ஹவுசிங்கின் சுவரில் உள்ள துளை திடீரெனத் திறக்க, மிகுந்த சூட்டோடும் விசையோடும் வாயு வெளியேறி நேராக டர்போவின் புகைப் பக்கச் சக்கரமான டர்பைனை அடிக்கிறது. டர்போ விரைவாகச் சுழல்வதற்கு இது பெரிய வசதி. அதே சூடு மேனிஃபோல்டையும் (புகையை டர்போவுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) வேஸ்ட்கேட்டையும் (மிகுதிப் புகையை டர்பைனைத் தவிர்த்து வெளியே விடும் வால்வு) விரிசல் விடவைக்கும் காரணமும் ஆகிறது.

உண்மையான பலவீனம் அபெக்ஸ் சீலில் இருக்கிறது. இந்த மாடல்களில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர் மட்டுமே. எரியறை நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால், தீ அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல நேரம் எடுக்கிறது. அதற்குள் எரியாமல் மிஞ்சிய கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்தால் (இதுவே நாக்கிங்), அந்த அதிர்ச்சி நேரே சீலில் போய் விழுகிறது. பிஸ்டன் எஞ்சின் சிறிது நேரம் நாக்கிங்கைத் தாங்கிக்கொண்டு ஓடும், ஓட்டுநருக்கும் சத்தம் கேட்கும். ரோட்டரியிலோ பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறிய நிலையில் அந்தச் சத்தம் காதில் விழுவதே அரிது. கடுமையான ஒரே நாக்கிங்கில்கூட சீல் உடையலாம். உடைந்த துண்டு ஹவுசிங்கின் குரோம் பரப்பைக் கீறி, எக்சாஸ்ட் வழியாக வெளியேறி, டர்பைன் இறக்கைகளையும் சேர்த்து அழிக்கும்.

கட்டும்போதே செய்ய வேண்டியவை

எஞ்சின் இன்னும் திறந்த நிலையில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஏனெனில் மூடிய பிறகு செய்ய முடியாத சில வேலைகள் உள்ளன. முதலாவது எக்சாஸ்ட் துளைக்குள் இருக்கும் ஸ்லீவ். என்ஏ ஹவுசிங்கின் எக்சாஸ்ட் ஸ்லீவுக்குள், சத்தத்தைக் குறைப்பதற்காகக் குறுக்கே ஒரு தடுப்பு வைக்கப்பட்டிருக்கும். டர்போவின் பின்னழுத்தத்திலும் சூட்டிலும் அது பலவீனமாகி உடைந்தால், அடுத்த நொடி டர்பைனுக்குள் இருக்கும். டர்போ மாடலின் திறந்த ஸ்லீவை வாங்கி மாற்றிவிடுவது நல்லது. எஞ்சினை மூடிவிட்டீர்கள் என்றால் எக்சாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி, டார்ச் விளக்கு அடித்துத் துளைக்குள் பாருங்கள். குறுக்கே உலோகம் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

இரண்டாவது, ரோட்டரின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது. 1986 முதல் 1988 வரையிலான என்ஏ எஞ்சினில் அது 9.4, அடுத்த மூன்று ஆண்டுகளின் எஞ்சினில் 9.7, அதே காலத்து டர்போ எஞ்சின்களில் முறையே 8.5, 9.0. ரெனிசிஸில் 10.0. இந்த வேறுபாட்டைக் கண்டு அஞ்சுபவர்கள் பலர். என் கருத்தில், 0.6 அல்லது 0.7 பார் பூஸ்டோடு நிறுத்திக்கொள்பவருக்கு என்ஏ ரோட்டரே போதும். ட்யூனிங்கில் (எரிபொருளையும் பற்றவைப்பு நேரத்தையும் ஈசியூவில் சரிசெய்வதில்) நாக்கிங் வராமலிருக்கும் இடைவெளி சற்றுக் குறையும், அதற்கு ஈடாகக் குறைந்த வேகத்தில் வண்டி சோம்பாமல் நகரும். அதைத் தாண்டிப் போக நினைப்பவர் டர்போ ரோட்டர்களைக் கட்டும்போதே போட்டுவிடட்டும். அப்படிப் போடும்போது இரண்டு ரோட்டர்களும் ஒரே எடை வகுப்பில் இருப்பதையும், முன்னும் பின்னும் உள்ள எதிரெடைகள் அந்த ரோட்டர்களுக்கு உரியவையாக இருப்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். இதைப் பொருட்படுத்தாமல் கட்டிய எஞ்சின் உயர் வேகத்தில் அதிர்ந்தே பேரிங்குகளைத் தின்றுவிடும்.

அபெக்ஸ் சீலைப் பொறுத்தவரை, கடினமான சீல் தேயாமல் நெடுநாள் நிற்கும், ஆனால் நாக்கிங்கில் கண்ணாடிபோல் நொறுங்கும். மென்மையான சீல் அடிபட்டால் வளையும், ஹவுசிங்கைப் பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் விரைவில் தேயும். முதன்முறை டர்போ பொருத்துபவருக்கு மென்மையான வகையையே பரிந்துரைப்பேன். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம் 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 0.09-ஐத் தாண்டக் கூடாது; டயல் கேஜ் வைத்து அளந்து எழுதி வையுங்கள்.

ஓட்டிப் பழக்குதலும் கம்ப்ரஷன் சோதனையும்

புதிதாகக் கட்டிய எஞ்சினில் சீல்கள் தம் பரப்போடு பொருந்தி உட்காரச் சில நூறு கிலோமீட்டர்கள் தேவை. சைட் சீல்கள் இதில் மெதுவானவை. ஏறத்தாழ 1500 கிலோமீட்டர் வரை டர்போ இல்லாமலே, முதலில் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்குக் கீழும் பின்னர் படிப்படியாக உயர்த்தியும் ஓட்டி, அந்த இடைவெளியில் ஆயிலை ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும். இந்தக் காலத்தை வீணாகும் நாட்களாக எண்ண வேண்டாம். புதிய ஈசியூவையும் புதிய இன்ஜெக்டர்களையும் பழக்கப்படுத்திக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பிறகு கம்ப்ரஷன் சோதனை. பிஸ்டன் எஞ்சினுக்கு வைப்பதுபோல் சாதாரண கேஜை வைத்தால், மூன்று முகங்களில் எது மிக அதிகமோ அதை மட்டுமே காட்டிவிட்டு நின்றுவிடும். ஒரு முகம் செத்துப்போயிருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள மின்னணுச் சோதனைக் கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கேஜின் நுனியில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சிறு வால்வைக் கழற்றிவிட்டு, கீழ்ப் பக்க பிளக் துளையில் பொருத்தி, எரிபொருளையும் பற்றவைப்பையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். முள் மூன்று தாளத்தில் துள்ளும். அதைக் கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூன்று துள்ளல்களின் உயரமும் தனித்தனியாகத் தெரியும். நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் எந்த முகமும் 6 கிலோவுக்குக் கீழே (சதுர சென்டிமீட்டருக்கு) இருக்கக் கூடாது; முகங்களுக்கிடையே 1.5 கிலோவுக்கு மேல் வேறுபாடும் கூடாது. புதிதாகக் கட்டிய எஞ்சின் இதைவிட வெகு மேலே நிற்க வேண்டும். விளிம்பில் நிற்கும் எஞ்சினுக்கு டர்போ மாட்டுவதில் பொருளில்லை.

காற்றிலிருந்து எரிபொருளுக்கு ஒரு கணக்கு

எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதைக் குதிரைத்திறனிலிருந்து ஊகிப்பதைவிடக் காற்றிலிருந்து கணக்கிடுவது நம்பகமானது. நிமிடத்துக்கு 7000 சுற்றில் 1.308 லிட்டர் எஞ்சின் 9156 லிட்டர் காற்றை இழுக்க முயலும். நிரம்பும் திறனை 95 சதவீதம் என்று கொண்டால் சுமார் 8700 லிட்டர். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.18 கிராம் என்பதால், இது நிமிடத்துக்கு 10.3 கிலோ. இப்போது 0.6 பார் பூஸ்ட் கொடுத்தால் அழுத்தம் 1.6 மடங்காகிறது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய பிறகும் காற்று 45 டிகிரி சூட்டில் இருக்கும் என்று வைத்தால் அடர்த்தி உண்மையில் ஏறுவது 1.5 மடங்குதான். ஆக 15.4 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 34 பவுண்டு காற்று. டர்போ விற்பவர்கள் தரும், டர்போவின் காற்றழுத்தும் பக்கத்துக்கான கம்ப்ரஸர் வரைபடத்தில் இந்த 34 என்ற புள்ளியும் 1.6 என்ற அழுத்த விகிதமும் சந்திக்கும் இடம், திறன் மிகுந்த நடுத்தீவுக்குள் விழ வேண்டும்.

பூஸ்டில் காற்று எரிபொருள் விகிதம் 11.2 என்று வைத்தால், 15.4 கிலோ காற்றுக்கு நிமிடத்துக்கு 1.37 கிலோ பெட்ரோல், அதாவது ஏறத்தாழ 1860 சிசி தேவை. என்ஏ எஞ்சினில் வந்த நான்கு 460 சிசி இன்ஜெக்டர்களும் இடைவிடாமல் திறந்தே இருந்தாலும் 1840 சிசிதான் தரும். இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் உழைக்க வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தால், மொத்தம் 2300 சிசிக்கு மேல் வேண்டும். முதன்மை இடத்தில் 550 சிசி இரண்டும், இரண்டாம் நிலையில் 850 சிசி இரண்டும் போட்டால் 2800 ஆகிறது. இந்த அமைப்பு மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரிலேயே வந்ததுதான். மிகப் பெரிய இன்ஜெக்டர்களை முதன்மை இடத்தில் போட்டால் ஐடிலில் நுண்ணிய கட்டுப்பாடு போய்விடும் என்பதால், பெரியவற்றை இரண்டாம் நிலைக்கே ஒதுக்க வேண்டும்.

எரிபொருள் அழுத்தமும் பூஸ்டோடு சேர்ந்து ஏற வேண்டும். அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், 0.6 பார் பூஸ்டில் குழாயில் 3.6 பார் இருந்தால்தான் இன்ஜெக்டர் அதே அளவைத் தெளிக்கும். ஆகவே ரெகுலேட்டரின் மெல்லிய குழாய் த்ராட்டிலுக்குப் பின்னுள்ள உள்ளிழுப்பு மேனிஃபோல்டோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பம்ப் வாங்கும்போது அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல், 3.6 பார் அழுத்தத்தில் அது எவ்வளவு தள்ளும் என்பதைப் பாருங்கள். மணிக்கு 150 லிட்டருக்குக் குறையக் கூடாது. பழைய வண்டிகளில் பம்புக்குச் செல்லும் கம்பி மெல்லியது. பேட்டரியிலிருந்து தனி ரிலே வழியாகத் தடித்த கம்பி போட்டால் பம்ப் தன் முழு வலுவோடு இயங்கும். பெட்ரோல் வடிகட்டியைப் புதிதாக மாற்றாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

ஈசியூவும் பற்றவைப்பும்

என்ஏ வண்டியின் ஈசியூவுக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. காற்றளவுக் கருவியின் மடிப்பலகை முழுதும் திறந்த பிறகு, மேலும் வரும் காற்றை அது கணக்கில் எடுக்காது. பற்றவைப்பு நேரத்தையும் பின்தள்ளாது. எரிபொருள் அழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தி ஒப்பேற்றும் ரெகுலேட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை நம்பி ரோட்டரிக்குப் பூஸ்ட் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை, ஏனெனில் பாதிப் பிரச்சினையான நேரம் அப்படியே கிடக்கிறது. ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈசியூ ஒன்றும், குறைந்தது 2.5 பார் வரை அளக்கும் உள்ளிழுப்பு மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரும், உள்ளிழுக்கும் காற்றின் வெப்ப சென்சாரும், அகன்ற வரம்புள்ள ஆக்சிஜன் சென்சாரும் தவிர்க்க முடியாதவை. வெப்ப சென்சாரை இன்டர்கூலருக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். லீடிங் முதலில் பற்றவைக்கும், டிரெய்லிங் சில டிகிரி தாமதித்துப் பற்றவைக்கும். லீடிங் காயில் இரண்டு ரோட்டர்களுக்கும் ஒரே நேரத்தில் பொறி தருவதால் அதன் கம்பிகள் இடம் மாறினாலும் ஒன்றும் ஆகாது. டிரெய்லிங் கம்பிகள் அப்படியல்ல. அவை இடம் மாறினால், எரியவே கூடாத நேரத்தில் பொறி விழும். வண்டி ஐடிலில் ஏதோ ஓடுவதுபோல் தோன்றி, பூஸ்ட் ஏறிய மறுகணம் எஞ்சின் போய்விடும். எனவே டைமிங் லைட்டை லீடிங்கில் மட்டுமல்லாமல், முன் ரோட்டரின் டிரெய்லிங் கம்பியிலும் மாட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் புல்லியில் மஞ்சள் குறி லீடிங்குக்கு, சிவப்புக் குறி டிரெய்லிங்குக்கு. தொழிற்சாலை ஐடில் அமைப்பில் அவை மேல்நிலைக்கு (எரியறை மிகச் சுருங்கும் நிலைக்கு) பின் 5 டிகிரியையும் 20 டிகிரியையும் குறிக்கின்றன. ஈசியூ திரை காட்டும் எண்ணும், லைட் காட்டும் எண்ணும் ஒத்துப்போகும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. நிமிடத்துக்கு 4000 சுற்றிலும் ஒருமுறை சரிபார்த்தால், வேகம் ஏற ஏறக் குறி நகர்ந்துபோகும் கோளாறும் தெரிந்துவிடும்.

தொழிற்சாலையில் லீடிங்குக்கு வெப்ப எண் 7, டிரெய்லிங்குக்கு 9 கொண்ட பிளக்குகள் வரும். பூஸ்டுக்கு நான்கிலுமே 9 போடுவது வழக்கம்.

இந்த அத்தனையும் பொருத்தி, டர்போ இல்லாமல் வண்டியை நன்றாக ஓட்டிவிட வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட், ஐடில், நெடுஞ்சாலை ஓட்டம், முழு மிதி ஆகிய எல்லாவற்றிலும் கலவை சரியாக இருந்தால், பின்னால் டர்போ வரும்போது ட்யூனிங்கில் புதிதாக எழுத வேண்டியது பூஸ்ட் பகுதி மட்டுமே.

டர்போ, மேனிஃபோல்ட், வேஸ்ட்கேட்

டர்பைன் பக்கத்தைச் சிறிதாகத் தேர்ந்தெடுக்கும் சபலம் எல்லோருக்கும் வரும், பூஸ்ட் சீக்கிரம் வருமே என்று. ரோட்டரியில் அது தவறான சிக்கனம். எக்சாஸ்ட் துளையும் உள்ளிழுப்புத் துளையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருப்பதால், டர்பைனுக்கு முன் அழுத்தம் தேங்கினால் சூடான புகை அடுத்த கலவையோடு கலந்து நாக்கிங்குக்கு வழிவகுக்கும். மேலும் ரோட்டரியின் எக்சாஸ்ட்டுக்கே டர்பைனைச் சுழற்றும் ஆற்றல் தாராளமாக உண்டு. இரு ரோட்டர்களின் துடிப்புகளும் 180 டிகிரி இடைவெளியில் வருவதால், இரண்டாகப் பிரிந்த டர்பைன் ஹவுசிங்கும் அதற்கேற்ப டர்போ வரை பிரிந்தே செல்லும் மேனிஃபோல்டும் இங்கே மிகப் பொருத்தம்.

மேனிஃபோல்டை வார்ப்பிரும்பிலோ தடித்த சுவர் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயிலோ செய்ய வேண்டும். மெல்லிய குழாயில் அழகாகச் செய்தது சூட்டில் வெடிக்கும். டர்போவின் எடையை மேனிஃபோல்ட் மட்டும் தாங்காதபடி எஞ்சினிலிருந்து ஒரு தாங்கு கொடுங்கள்.

பூஸ்ட் நாம் வைத்த அளவில் நிற்காமல் வேகம் கூடக் கூடத் தானாக ஏறிக்கொண்டே போவது இந்த எஞ்சினின் பழைய நோய். எக்சாஸ்ட் ஓட்டம் அத்தனை பெரியது, உள்ளமைந்த சிறு வேஸ்ட்கேட்டால் அதைத் திருப்பிவிட முடிவதில்லை. பின்பக்கக் குழாயைப் பெரிதாக்கினால் நோய் இன்னும் முற்றும். 44 மில்லிமீட்டருக்குக் குறையாத வெளி வேஸ்ட்கேட்டை, புகை நேராக அதை நோக்கிப் பாயும் கோணத்தில் மேனிஃபோல்டில் அமைத்தால்தான் 0.5 பார் என்றால் 0.5 பாரிலேயே நிற்கும். முதலில் கிடைப்பவற்றிலேயே மெலிந்த ஸ்பிரிங்கைப் போடுங்கள். மின்னணுப் பூஸ்ட் கட்டுப்பாட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஆயில் வழிகளில் கவனம் தேவைப்படுவது திரும்பும் குழாய்தான். அது அகலமாகவும், எங்கும் மேலேறாமல் சரிந்தும் சென்று, ஆயில் பேனில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையெனில் டர்போவின் சீல் வழியே ஆயில் கசிந்து புகையும், குற்றம் டர்போ மீது விழும். பால் பேரிங் டர்போவாக இருந்தால் உள்வரும் குழாயில் அதற்குரிய சிறு துளைத் தடுப்பு வேண்டும். ரோட்டர்களைக் குளிர்விப்பதே ஆயில் என்பதால், ஆயில் கூலருக்கு நல்ல காற்றோட்டம் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் இன்டர்கூலர் அந்தக் காற்றைத் தடுத்துவிடக் கூடாது. ரேடியேட்டரும் நல்ல நிலையில் இருக்கட்டும். ஒருமுறை கொதித்தாலே ஹவுசிங்குகளுக்கிடையே உள்ள நீர் சீல்கள் போய்விடும், பிறகு மறுபடி முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும்.

அபெக்ஸ் சீலுக்கு ஆயில் செலுத்தும் மீட்டரிங் பம்பையும் இங்கே கவனிக்க வேண்டும். 1989 முதல் வந்த எஞ்சினில் அது மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவதால், பழைய ஈசியூவைக் கழற்றியதும் அது அநாதையாகிவிடும். பம்பை நீக்கி அடைத்தவர்கள் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் ஏறத்தாழ 8 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்தே தீர வேண்டும், ஒருமுறைகூட மறக்கக் கூடாது. பழைய இயந்திர வகைப் பம்ப் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, அதோடு சிறிதளவு கலப்பதே எனக்குப் பிடித்த வழி.

ஆறு போர்ட் சிக்கல்

என்ஏ எஞ்சினில் ஐந்தாவது, ஆறாவது துணை போர்ட்களைச் சுழலும் குழல்கள் மூடித் திறக்கின்றன. 1986 முதல் 1988 வரையிலான எஞ்சினில் அவற்றை எக்சாஸ்ட் பின்னழுத்தமும், அதற்குப் பிந்தையதில் ஏர் பம்பின் அழுத்தமும் இயக்கின. டர்போ வந்த பிறகு இந்த இரண்டும் பழையபடி இருக்காது. குழல்களை நிரந்தரமாகத் திறந்து கட்டிவிடுவது எளிது. ஆனால் குறைந்த வேகத்தில் இழுவிசை குறையும். கழற்றி எறிவதைவிட, இயக்கிகளுக்குக் கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயைக் கொடுத்து, பூஸ்ட் வரும்போது தானாகத் திறக்கச் செய்வது நேர்த்தியான வழி. பொருத்தும் முன் குழல்கள் கரி பிடித்து இறுகாமல் கையால் சுழல்கின்றனவா என்று பாருங்கள்.

வெற்றிடத்தை நம்பி இயங்கும் எல்லாக் குழாய்களையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். பிரேக் பூஸ்டர், பெட்ரோல் ஆவிக் குடுவை ஆகியவற்றின் ஒருவழி வால்வுகள் பூஸ்டைப் பின்னோக்கி விடாதிருக்க வேண்டும்.

ரெனிசிஸில் எக்சாஸ்ட் துளைகள் ஹவுசிங்கின் சுற்றுச் சுவரில் இல்லாமல் பக்கத் தகடுகளில் இருக்கின்றன. நடுத் தகட்டில் இரு ரோட்டர்களும் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்வதால் சூடு அங்கே குவிகிறது. டர்போவுக்கு உகந்த வடிவம் அல்ல. விரும்பிச் செய்பவர் 0.4 பாரைத் தாண்ட வேண்டாம் என்பேன்.

முதல் ஸ்டார்ட்டும் ட்யூனிங்கும்

டர்போவின் ஆயில் துளையில் கையால் சிறிது ஆயில் விட்டு, எரிபொருளைத் துண்டித்து, ஆயில் அழுத்தமானி அசையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே எல்லா இணைப்புகளையும் கசிவுக்காகப் பாருங்கள். உள்ளிழுப்புக் குழாய்களை எஞ்சின் நின்ற நிலையில் காற்றழுத்தம் கொடுத்துச் சோப்பு நீரால் சோதிப்பது, பின்னால் பல மணி நேரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

ட்யூனிங்கை டைனோவில் (வண்டியை நிறுத்தி வைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவியில்) செய்வதே சரி. கலவையை முதலில் வேண்டுமென்றே செழுமையாக (பெட்ரோல் கூடுதலாக), பூஸ்டில் 10.8 அளவில் வைத்துத் தொடங்கி, 11.2 முதல் 11.5 வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் மெலிய விடாதீர்கள். லீடிங் நேரத்துக்கு எளிய தொடக்க விதி ஒன்று உண்டு: பூஸ்ட் இல்லாத முழு மிதியில் மேல்நிலைக்கு முன் 25 டிகிரி என்று வைத்து, ஒவ்வொரு 0.07 பார் பூஸ்டுக்கும் ஒரு டிகிரி பின்தள்ள வேண்டும். இதன்படி 0.6 பாரில் 16 வருகிறது. என்ஏ ரோட்டர்களுக்கு இன்னும் இரண்டைக் குறைத்து 14-இல் தொடங்குங்கள். டிரெய்லிங் அதிலிருந்து 12 முதல் 15 டிகிரி பின்னால் இருக்கட்டும். நேரத்தை முன்தள்ளிக் கிடைக்கும் சக்தி ரோட்டரியில் மிகவும் குறைவு, அதன் அபாயமோ மிகப் பெரியது. ஆகவே சக்தி ஏறாத இடத்தில் ஒரு டிகிரிகூட முன்னே தள்ள வேண்டாம். அதற்காக நேரத்தை அளவுக்கு மீறிப் பின்தள்ளுவதும் நல்லதல்ல, எக்சாஸ்ட் சூடு ஏறி டர்பைன் வேகும். புகையின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருந்தால் 950 டிகிரியை எல்லையாகக் கொள்ளுங்கள்.

ஈசியூவில் பாதுகாப்பு வரம்புகளை முதல் ஓட்டத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கைவிட 0.15 பார் மேலே பூஸ்ட் போனால் பற்றவைப்பைத் துண்டிக்கவும், பூஸ்டில் கலவை 12-ஐத் தாண்டினால் உடனே நிறுத்தவும் செய்யலாம். எரிபொருளை மட்டும் துண்டிக்கும் வரம்பை வைக்காதீர்கள். துண்டிக்கும் அந்த நொடியில் கலவை மெலிந்து, தவிர்க்க நினைத்த நாக்கிங்கே வந்து சேரும்.

என்ஏ வண்டியின் கியர்பாக்ஸ் டர்போ மாடலுடையதைவிட மெலிந்தது, 0.6 பாரில் பொறுமையாக ஓட்டினால் தாங்கும், திடீர்த் தொடக்கங்களைத் தாங்காது. கிளட்ச்சை மட்டும் வலுவானதாக மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அடுத்து உடைவது கியராகவே இருக்கும். சாலையில் ஓட்டும் வண்டியென்றால், கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நீக்குவதும் எஞ்சினை மாற்றியமைப்பதும் உங்கள் நாட்டுப் பதிவு, உமிழ்வு விதிகளுக்கு உட்பட்டதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு மேனிஃபோல்ட் போல்ட்களை எஞ்சின் குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, பளபளக்கும் நுண்ணிய உலோகத் துகள்களோ தெரிந்தால், நாக்கிங் ஏற்கெனவே நடந்திருக்கிறது. பூஸ்டைக் குறைத்து, டைனோப் பதிவுகளை மீண்டும் படிக்க வேண்டும். பிளக்குகள் சுத்தமாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனையை மறுபடி செய்து, டர்போவுக்கு முன் எழுதி வைத்த ஆறு எண்களோடு ஒப்பிடுங்கள். ஆறும் அப்படியே இருந்தால் மட்டும் அடுத்த ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கலாம்.